எட்டு மாதப் பிள்ளையோடு தாப்பா வரை, அப்புறம் மலைக்கு

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் பாருவிலிருந்து எட்டு மாதப் பெண் குழந்தையோடு காடியில் (காரில்) கிளம்புகிறீர்கள். தாப்பாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், இன்னும் லயத்து வீட்டிலேயே இருக்கும் உங்கள் பாட்டி கொள்ளுப்பேத்தியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தோட்டத்துக் கோயிலில் ஆடித் திருவிழாவும் அப்போதுதான். அங்கே இரண்டு நாள். பிறகு கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் ஃபார்ம் ஸ்டே, இரண்டு இரவு. பிள்ளை ஆடும் முயலும் பார்க்கட்டும் என்று. அங்கிருந்து ஈப்போ, பினாங்கு, திரும்பி வீடு. எல்லாம் ஆறு நாளில். குழந்தை இவ்வளவு தூரம் தாங்குமா, மலைக் குளிர் ஒத்துக்கொள்ளுமா, என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தாப்பாவில்தான் இருக்கிறேன். தோட்டத்துப் பக்கக் கிராமக் கிளினிக்குகளில் 31 வருடம் சமூகத் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கொழுந்தனார் பீடோர் பக்கம் ஆடு வளர்க்கிறார். பண்ணையிலேயே இரண்டு அறை கட்டி வாடகைக்கும் விடுகிறார். பள்ளி விடுமுறையில் ஆள் பற்றாமல் போனால் நான்தான் போய் மெத்தை உறை மாற்றுவேன். அதனால் பிள்ளை பக்கமும் கொஞ்சம் தெரியும், அறை விடுகிறவர் பக்கமும் கொஞ்சம் தெரியும்.

குழந்தை தாங்கும். எட்டு மாதம் பயணத்துக்கு நல்ல வயதுதான். கழுத்து நின்றுவிட்டது, உட்காருகிறாள், இன்னும் நடை வரவில்லை. இதே பிள்ளையைப் பதினைந்து மாதத்தில் கூட்டி வந்தால் உங்களை ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டாள். உங்கள் பயமெல்லாம் சாலை மேல் இருக்கிறது. எனக்கு அது அவ்வளவு இல்லை. ஊருக்குப் போய்விட்டு வந்து என் கிளினிக் வாசலில் நின்ற கைப்பிள்ளைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் போய்ச் சேர்ந்த வீட்டில்தான் நோயை வாங்கியிருக்கும். பத்துக் கை மாறியிருக்கும், பத்து வாய் முத்தம் கொடுத்திருக்கும், பால் எங்கேயோ எப்படியோ கலக்கியிருப்பார்கள். அதனால் சாலையைப் பற்றி அளவாகச் சொல்லிவிட்டு, வீட்டையும் பண்ணையையும் பற்றி நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் பினாங்கை வெட்டுங்கள். ஈப்போவையும் விட்டுவிடலாம், வெள்ளைக் காப்பி எங்கேயும் ஓடிப்போகாது. புது இடத்தில் முதல் இரவு எந்தக் குழந்தைக்கும் தூக்கம் கெடும். இரண்டாவது இரவுதான் கொஞ்சம் அடங்கும். நாளுக்கு ஓர் ஊர் என்று வைத்தால் உங்களுக்கு ஒவ்வொரு இரவும் முதல் இரவுதான். போகும்போது வழியில் ஓர் இரவு, தோட்டத்தில் இரண்டு, மலையில் இரண்டு. ஆறாம் நாள் வீடு. அதுவே நிறைய.

ஜொகூர் பாருவிலிருந்து தாப்பா ஏறக்குறைய 480 கிலோமீட்டர். நீங்கள் தனியாக ஓட்டினால் ஐந்தரை, ஆறு மணி நேரம். கைப்பிள்ளையோடு எட்டு, ஒன்பது ஆகும். சிரம்பான் பாதி வழி, ஓர் இரவு அங்கே தங்கிக்கொள்ளுங்கள். ‘இரவில் கிளம்பினால் பிள்ளை தூங்கிவிடும், ஒரே மூச்சில் போய்விடலாம்’ என்று சொல்ல ஆள் இருப்பார்கள். பிள்ளை தூங்கும், சரி. ஓட்டுகிறவரும் தூங்கிவிடக் கூடாதே. விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிக்கு, தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கிக் காடியில் வைத்துக் கிளம்புங்கள். இதில் இன்னொரு வசதியும் உண்டு. காலையில் வடக்கே போகும்போது வெயில் வலது பக்கம் விழும். சைல்ட் சீட்டைப் பின்னால் இடது பக்கம் வைத்தால் பிள்ளைக்கு நிழல். சாலையோரமாக நிறுத்தினாலும் வண்டிகள் வராத பக்கமாகக் கதவைத் திறந்து இறக்கலாம். திரும்பி வரும்போது காலை வெயில் அதே இடது பக்கம் அடிக்கும், கண்ணாடிக்கு ஒரு மறைப்பு வாங்கி வையுங்கள்.

சைல்ட் சீட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன். 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் அது சட்டம். ‘பாட்டி மடியைவிடப் பத்திரமான இடம் ஏது’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாரைப் போடுங்கள். மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிற காடி சட்டென்று நின்றால் எந்த மடியும் பிள்ளையைப் பிடித்து வைக்காது. எட்டு மாதத்துக்கு இருக்கை பின்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். புதிய ஆர்129 தரத்தில் குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான். அதை முன் இருக்கையில், காற்றுப்பை வேலை செய்யும் இடத்தில் வைக்கவே கூடாது. மாட்டியபிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் அசைந்தால் இன்னும் இறுக்க வேண்டும். தோள்வாரை விரலால் கிள்ளினால் துணி மடிப்பு கையில் வரக் கூடாது. குளிர்ச்சட்டையைப் போட்டுவிட்டு அதன் மேல் வாரைப் போடாதீர்கள். பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். மலையேறும் அன்று இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பிள்ளையை வெளியே எடுத்து, முதுகு நீட்டிப் படுக்க வையுங்கள். தூங்கினாலும் சரி. உட்கார்ந்தபடி தூங்கும்போது தலை கவிழ்ந்து தாடை நெஞ்சில் படும், மூச்சுக்குழல் நசுங்கும். அதனால்தான் காடி நின்றபிறகும் ‘எழுப்ப வேண்டாமே’ என்று சீட்டோடு தூக்கி வந்து கூடத்தில் வைத்து மூன்று மணி நேரம் தூங்க விடக் கூடாது. பாகோ, ஆயர் குரோ, சிரம்பான், மறுநாள் ராவாங், உலு பெர்னாம் என்று வழியெங்கும் ஆர் அண்ட் ஆர் ஓய்விடம் இருக்கிறது, கவலையில்லை. தாய்க்குப் பசிக்கிறதா என்றும் அங்கே கேளுங்கள் தம்பி. நீங்கள் முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்க்கிறீர்கள். பின்னால் இருக்கிறவர் அரை நாளாகக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

பெட்ரோல் நிலையத்தில் ‘பணம் கட்டிவிட்டு ஓடி வந்துவிடுகிறேன்’ என்று பிள்ளையைக் காடியில் தனியே விடாதீர்கள். குளிர்சாதனம் ஓடினாலும் விடாதீர்கள். வெயிலில் நின்ற காடிக்குள் சில நிமிடத்திலேயே அனல் ஏறும், சிறு பிள்ளைக்கு உடம்புச் சூடு நம்மைவிட வேகமாகக் கூடும். சாவியோடு நிற்கிற காடியை எவனாவது ஓட்டிக்கொண்டு போய்விட்டால் பிள்ளையும் சேர்ந்து போகும்.

பாலைப் பற்றி என் கதை ஒன்று இருக்கிறது. என் மூத்தவன் பத்து மாதமாக இருந்தபோது நானும் அவன் அப்பாவும் ஒரு பழைய டட்சனில் பினாங்குக்குக் கிளம்பினோம். நானே தாதி. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவள். வழியில் வெந்நீர் தேட அலுத்துக்கொண்டு காலையிலேயே மூன்று வேளைக்குப் பால் கலக்கி, சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்கில் ஊற்றி எடுத்துப் போனேன். இரண்டாவது வேளை அவன் குடித்தபோது கலக்கி நாலு மணி நேரம் ஆகியிருந்தது. அன்று இரவு எட்டு முறை போனான். இளஞ்சூட்டில் பாலை வைத்திருப்பதும் கிருமிக்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பதும் ஒன்றுதான். நீங்கள் செய்ய வேண்டியது இது. பிளாஸ்கில் கொதித்த நீரை மட்டும் எடுத்துப் போங்கள். பால்மாவை வேளைக்கு அளந்து காய்ந்த டப்பாவில் தனியாக வையுங்கள். மாவு கரைக்கும் நீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் மாவிலேயே கிருமி இருக்கலாம், அந்தச் சூடுதான் அதைக் கொல்லும். கலக்கியபின் புட்டியை வெளியே தண்ணீரில் நனைத்து ஆற்றிக் கொடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பீய்ச்சி வைத்த தாய்ப்பால் என்றால் வெளியில் நாலு மணி நேரம், ஐஸ் கட்டி வைத்த பெட்டியில் ஒரு நாள் தாங்கும். நேராகத் தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் இந்தத் தொல்லை ஒன்றுமே இல்லை. கஞ்சிக்கு உணவு பிளாஸ்க் போதும்: பூசணியோ கேரட்டோ மசித்து, கொஞ்சம் நெத்திலிப் பொடி. வழியில் பிசாங் மாஸ் வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். தோலோடு வருகிற உணவைவிடச் சுத்தமானது வழியில் கிடைக்காது.

இனி பாட்டி வீடு.

நான் பிறந்ததும் தோட்டத்தில்தான். பால்மரம், அதாவது ரப்பர், இருந்த காலம். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போக வேண்டுமென்றால் அம்மாக்கள் பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். உத்திரத்தில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தூளி தொங்கும். ஆயா நடுவில் உட்கார்ந்து இரண்டு கயிற்றைக் கையிலும் ஒன்றைக் கால் கட்டைவிரலிலும் மாட்டிக்கொண்டு ஆட்டிக்கொண்டிருப்பார். ஒரு பிள்ளைக்குச் சளி என்றால் வாரக் கடைசியில் எல்லாத் தூளியும் இருமும். இன்று பால்மரம் போய் செம்பனை வந்து, லயங்கள் பாதி காலியாகி, பிள்ளைகள் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். ஆனால் தோட்டத்துக்குக் கைக்குழந்தை வந்தால் நடப்பது இன்றும் அதேதான். காடி நின்ற அரை மணி நேரத்தில் லயமே உங்கள் வாசலில் இருக்கும். எல்லோரும் தூக்குவார்கள். அது அன்பு, அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. பாட்டிக்கு எண்பது வயதில் இதைவிட என்ன வேண்டும்?

அதனால் தடுக்காமல் வழி செய்யுங்கள். வாசல் குழாயடியில் ஒரு சவர்க்காரம் வையுங்கள். ‘கை கழுவிட்டுத் தூக்குங்க அத்தை, தாதி சொல்லியிருக்காங்க’ என்று பழியை என் மேல் போடுங்கள். 31 வருடமாக வாங்கிய பழிதான். முகத்தில் வேண்டாம், காலில் முத்தம் கொடுக்கட்டும். இருமல் இருக்கிறவரிடம் ‘பிள்ளைக்கு இன்னும் ஒன்பதாம் மாத ஊசி போடவில்லை’ என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை. நம் நாட்டில் எம்எம்ஆர் முதல் ஊசி ஒன்பது மாதத்தில்தான், உங்கள் பிள்ளைக்குத் தட்டம்மைக்கு எதிரான காப்பு இன்னும் வரவில்லை. ஐந்தாம் மாதம் வரைக்குமான ஊசிகளும் ஆறாம் மாத நியூமோகாக்கல் ஊசியும் போட்டாயிற்றா என்று கிளினிக் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஏதாவது விட்டிருந்தால் கிளம்புமுன் போட்டுக்கொள்ளுங்கள். புத்தகத்தையும் கூடவே கொண்டு வாருங்கள்.

இதைவிட முக்கியமானது தேன். சேனை வைக்கிறேன் என்று பாட்டிமார் விரலில் தேன் தொட்டு நாக்கில் வைப்பார்கள். பிறந்தபோது பார்க்காத பாட்டி என்றால் இப்போது வைக்க ஆசைப்படுவார். ஒரு வயது ஆகும் வரை தேன் ஒரு துளியும் கூடாது. தேனில் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர் குடலில் அது முளைக்காது, குழந்தை குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பலவீனமான அழுகை, துவண்ட கழுத்து என்று ஆரம்பிக்கும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது, சுத்தமான காட்டுத் தேன் என்பதாலும் சாகாது. மலைப் பயணத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். தாப்பாவிலிருந்து ஏறும் சாலையோரம் ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் பெட்டாய்க் காயோடு தேன் புட்டியும் வைத்து விற்பார்கள். மேலே தேனீப் பண்ணைகளில் ருசி பார்க்கச் சின்னக் கரண்டியில் கொடுப்பார்கள். நீங்கள் ருசி பாருங்கள். அந்த விரலைப் பிள்ளை வாயில் வைக்காதீர்கள்.

சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். குளிப்பாட்டிய தலைக்குப் புகை காட்டாவிட்டால் சளி பிடிக்கும் என்பார்கள், துண்டால் துடைத்தாலே தலை காய்ந்துவிடும். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம். தோட்டத்தில் கொசு உண்டு, டெங்கியும் உண்டு. பிள்ளை தூங்கும் இடத்தைச் சுற்றி வலை போடுங்கள், பகல் தூக்கத்துக்கும்தான். டெங்கிக் கொசு காலையிலும் மாலையிலும் கடிக்கிறது. திருவிழாவில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் பிள்ளையோடு நிற்காதீர்கள். நமக்கே நெஞ்சு அதிரும் சத்தம் அது. தூரத்தில், யாராவது வீட்டுத் திண்ணையில் இருந்து பாருங்கள். சாமி அங்கேயும் தெரியும்.

மலைக்கு இரண்டு வழி. தாப்பா வழி பழையது. 1930களின் தொடக்கத்தில் போட்டது, குறுகல், வளைவு மேல் வளைவு. சிம்பாங் பூலாய் வழி அகலம், வளைவு குறைவு, ஆனால் அது கம்போங் ராஜா பக்கம் போய் ஏறும். நீங்கள் தங்குவது ரிங்லெட், தாப்பாவிலிருந்து ஏறினால் முதலில் வருகிற ஊர். பழைய வழியிலேயே போங்கள், மெதுவாக. பெட்ரோலைத் தாப்பாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வார நாளில், காலை ஒன்பதுக்குள் ஏறத் தொடங்குங்கள். மத்தியானத்துக்கு மேல் மழையும் மூடுபனியும் சேரும், காய்கறி லாரிகளும் இறங்கும். வாந்தியை நினைத்துப் பயப்பட வேண்டாம், இரண்டு வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்குப் பயண மயக்கம் அரிது. உங்கள் மனைவிக்கு வரலாம், பாதி வளைவில் திரும்பிப் பிள்ளைக்குப் பேம்பர்ஸ் மாற்றப் பார்த்தால் நிச்சயம் வரும். ஏறும்போது பிள்ளைக்குக் காது அடைக்கும். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி இருக்கிறது, அங்கே நிறுத்திப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துவிடும். ஓடுகிற காடியில் சீட்டிலிருந்து எடுத்துப் பால் கொடுக்காதீர்கள்.

ஃபார்ம் ஸ்டே. பணம் கட்டுமுன் அங்கே ஒரு போன் போடுங்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், என் கொழுந்தனாரின் இரண்டு அறையும் படத்தில் மாளிகை மாதிரி இருக்கும். நான் என்றால் நாலு விஷயம் கேட்பேன். அறைக்கும் ஆட்டுக் கொட்டகைக்கும் எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் அடிக்கும்? குழாயில் வருவது மலையிலிருந்து குழாய் போட்டு இறக்கிய தண்ணீரா, அரசாங்கத் தண்ணீரா? நாங்கள் வரும் நாளில் பூச்சிமருந்து அடிக்கிறீர்களா? கெட்டில் வைக்க, கஞ்சி காய்ச்ச இடம் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். நல்ல விவசாயி நாளைச் சொல்வார், எந்தப் பாத்தி என்றும் சொல்வார். மருந்து அடித்த அன்று பிள்ளையை அந்தப் பக்கம் கொண்டு போகக் கூடாது. நீங்கள் நடந்து வந்த செருப்பையும் அறைக்குள் கொண்டு வரக் கூடாது, அவள் தவழ்வது அந்தத் தரையில்தான். ஸ்ட்ராபெரியைச் செடியிலிருந்து பறித்து அப்படியே கையில் கொடுக்காதீர்கள். கழுவி மசித்துக் கொடுக்கலாம். வேகவைத்த சோளம் பெரியவர்களுக்கு, முத்துக்கள் பிள்ளை தொண்டையில் அடைக்கும்.

மலையில் ஈ ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். காய்கறிப் பாத்திகளுக்குப் பச்சைக் கோழி எரு போடுகிறார்கள், அதில் பெருகுவது. புட்டியின் ரப்பரை எப்போதும் மூடி வையுங்கள். தண்ணீர் எதுவானாலும் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகுதான். தெளிவாக இருக்கிறதே, மலைத் தண்ணீராயிற்றே என்று நம்ப வேண்டாம். மேலே யார் என்ன கழுவுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்காகத்தான் போகிறீர்கள். ஆடு முட்டும், முயல் பிறாண்டும் என்பதெல்லாம் சின்ன விஷயம். ஆடு மாடுகளின் குடலில் சில வகை ஈ. கோலை கிருமி இருக்கும். அவற்றுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் சிறு பிள்ளைக்கு இரத்தபேதியாகி, சில நேரம் சிறுநீரகம் வரைக்கும் போய்விடும். அது ஆட்டின் வாயிலிருந்து நேராகப் பிள்ளைக்கு வருவதில்லை. வேலியில் ஒட்டியிருக்கும், தள்ளுவண்டிச் சக்கரத்தில் வரும், உங்கள் கையில் வரும். கொழுந்தனார் பண்ணையில் ஒருமுறை பார்த்தேன். ஓர் அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டுக்குட்டிக்குத் தழை ஊட்டினார். பிள்ளையின் சூப்பான் கீழே விழுந்தது. எடுத்து, தன் சட்டையில் இரண்டு முறை துடைத்து, வாயில் வைத்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன், அவருக்குக் கோபம். சூப்பான், புட்டி, தின்பண்டம் எதுவும் கொட்டகைப் பக்கம் வரக் கூடாது. பிள்ளையை இடுப்பில் வைத்து வேலிக்கு வெளியே நின்று காட்டுங்கள். எட்டு மாதத்துக்கு ஆடு ‘மே’ என்று கத்துவதே பெரிய திருவிழா. முடிந்ததும் இருவருக்கும் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கை கழுவி, பிள்ளைக்குச் சட்டை மாற்றுங்கள். கையில் தடவும் ஜெல் மட்டும் போதாது. கறந்த ஆட்டுப்பாலை ‘மருந்து’ என்று நீட்டினால் நன்றி சொல்லி நீங்களும் காய்ச்சிக் குடியுங்கள். ஒரு வயதுக்குள் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

குளிரைப் பற்றி உங்களுக்கு இருக்கிற பயம் கொஞ்சம் அதிகம். மலையில் பகல் இருபதுகளில் இருக்கும், இரவு 15, 16 டிகிரி வரை இறங்கும். நீங்கள் போடுவதைவிட ஒரு சட்டை கூடுதலாகப் பிள்ளைக்குப் போதும். பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கை கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் போர்வை மேல் போர்வை போடாதீர்கள். தூங்கும்போது தளர்வான போர்வை, தலையணை, தொப்பி எதுவும் வேண்டாம், முகத்தை மூடிக்கொள்ளும். உடம்போடு மாட்டும் தூக்கப்பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துச் சூடேற்றுவது உயிருக்கு ஆபத்து. மத்தியானம் ஒரு முறை குளிப்பாட்டினால் போதும். ஒரு நாள் துடைத்து மட்டும் விட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

படுக்கை. வீட்டில் ஸ்பிரிங் தொட்டிலில் தூங்கிப் பழகிய பிள்ளை என்றால் முதல் இரவு கச்சேரிதான். அதற்காகத் தெரியாத வீட்டு உத்திரத்தில் கொக்கி மாட்டாதீர்கள். பண்ணை அறைகளில் பாதிக்கு உத்திரம் என்று தெரிவது வெறும் அலங்காரப் பலகை. தரையில் கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். வீட்டில் விரித்திருந்த விரிப்பையே, துவைக்காமல், கொண்டு வாருங்கள். அந்த வாடைக்கு அடங்கிவிடும்.

உடம்புக்கு வந்தால் காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள்: பால் குடிக்க மறுப்பது, எழுப்பினால் எழாதது, ஆறு மணி நேரமாகப் பேம்பர்ஸ் நனையாதது, மலத்தில் இரத்தம், அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 50க்கு மேல் மூச்சு, வலிப்பு. காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டிப் பாரசிட்டமோலுக்கும் இறங்காமல், பிள்ளை சோர்ந்து கிடந்தாலும் போக வேண்டியதுதான். மருந்தின் அளவை எடை பார்த்துக் கிளினிக்கில் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேதி என்றால் பால் நிறுத்தாமல் உப்புச்சர்க்கரைப் பொடிக் கரைசல் கொடுங்கள், நாலைந்து பொட்டலம் பையில் இருக்கட்டும். கீழே தாப்பா மருத்துவமனை, மேலே தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கால்சோம் மருத்துவமனை. ரிங்லெட்டிலிருந்து மேலே போவதுதான் கிட்ட. வளைவு இறங்கிக் கீழே வராதீர்கள். அவசர எண் 999. பண்ணையில் எந்த மூலையில் போன் எடுக்கிறது என்று போனவுடனே பார்த்து வையுங்கள்.

திரும்பும் வழியில் சுங்காய் பக்கம் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்குப் போகலாமா என்று தோன்றும். நீங்கள் வேண்டுமானால் காலை நனைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை கரையில் யாராவது மடியில். பீடோரில் கொய்யா வாங்குவதற்கு நிறுத்தலாம்.

சாமான் பட்டியல் தனியாக எழுதத் தேவையில்லை, மேலே சொன்னதில் எல்லாம் வந்துவிட்டது. பேம்பர்ஸ் மட்டும் நாளுக்கு எட்டு என்று கணக்கிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்; தோட்டத்துக் கடையில் உங்கள் அளவு இருக்காது. அப்புறம், மலையிலிருந்து இறங்கும்போது பின்பெட்டி முழுக்க முட்டைக்கோசும் சோளமும் பூத்தொட்டியும் ஏறும், எல்லோருக்கும் ஏறுகிறது. பிள்ளையின் பையை அதற்கு அடியில் வைத்துவிடாதீர்கள். பாதி வளைவில்தான் தேவைப்படும்.